ஊர்ப் பெயர் யாருக்குச் சொந்தம்?

தாமிரபரணி நதிக் கரையில் பிறந்தவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிழைப்பைத் தேடி எந்தத் தேசத்துக்குப் போனாலும், ஊர்ப் பெயரை மட்டும் அவர்கள் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவதில்லை. தங்கள் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாகவாவது அதைக் கட்டிக்கொண்டு போவார்கள். 1946-ம் வருஷத்தில் 'தமிழகம் ஊரும் பேரும்' என்னும் அரிய நூலை வெளியிட்ட பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களின் பெயரில் முதலாவதாக நிற்கும் 'ரா' எது? திருநெல்வேலிக்கு அருகிலுள்ள இராசவல்லிபுரம் என்னும் கிராமமேயாகும். அண்ணாமலை நகரிலும் சென்னையிலும் பல்கலைக்கழகப் பணியில் அவர் பல வருஷங்கள் கழித்தார். சட்டப்படி பேசினால் இராசவல்லிபுரத்துக்கு அவர் வெளியூர்வாசிதான். ஆயினும், "ஐயா! நீர் இந்த ஊரில் குடியிருக்கவில்லையே. ஊர்ப் பெயரைத் தரித்துக்கொள்ள உமக்கு என்ன பாத்தியதை?" என்று அவரை யாரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவும் தோன்றாது.

இந்தக் காலத்திலோ அந்தக் கேள்வி உண்மையாகவே பிறந்துவிட்டது. இணையம் என்னும் புது உலகத்தில் பெயர் என்பது காற்றோடு போகும் சொல் அல்ல. ரிஜிஸ்தர் செய்து, கட்டணம் செலுத்தி, தவணை தவறாமல் காப்பாற்ற வேண்டிய ஒரு சொத்து. ஊர்ப் பெயரும் இதற்கு விலக்கல்ல. ஆகையால், ஊரில் குடியிராத ஒருவர் ஊர்ப் பெயரைத் தம் பெயரில் பதிவு செய்துகொள்ளலாமா, செய்துகொண்டால் என்ன கடமை என்பதை இந்த வாரம் சிறிது ஆராய்வோம். மும்பையிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் நெல்லைச் சீமைக் குடும்பங்களுக்கு இது வெறும் வேடிக்கை விஷயம் அல்ல.

* * *

முதலில் இந்தப் பெயர் என்பது இன்னதென்று தெரிந்துகொள்வது நல்லது. ஆங்கிலத்தில் இதை டொமைன் என்பார்கள். தபால் விலாசத்தில் வீடு, தெரு, ஊர், ஜில்லா, தேசம் என்று வரிசையாக எழுதுகிறோம் அல்லவா? அதைப்போலவே இணைய விலாசத்திலும் கடைசியில் வருவதுதான் பெரிய எல்லை. 'இன்' என்று முடிந்தால் அது இந்தியாவின் எல்லை, 'எஸ்.ஜி.' என்று முடிந்தால் சிங்கப்பூர், 'எல்.கே.' என்று முடிந்தால் இலங்கை. அந்த ஈற்றுக்கு முன்னால் நாம் வைத்துக்கொள்ளும் சொல்தான் நமது பெயர்ப் பலகை.

இந்த ஈறுகளுக்கெல்லாம் தலைமைக் கணக்கு வைத்திருக்கும் ஸ்தாபனம் 1998-ல் அமெரிக்காவில், கலிபோர்னியாவில் ஏற்பட்ட ஐகான் என்பது. இந்தியாவின் ஈற்றைப் பராமரிப்பது 'நிக்ஸி' என்று சுருக்கமாக வழங்கும் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம். இதற்குக் கீழே பல பதிவு முகவர்கள் இருக்கிறார்கள். பொதுஜனங்களாகிய நாம் அந்த முகவர்களிடம் சென்று பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும்.

கதவு எப்போதும் இப்படித் திறந்திருக்கவில்லை. 1992-லிருந்து 2004 முடிய இந்திய ஈற்றில் பதிவான பெயர்கள் சுமார் 7,000 தான். அத்தனை கட்டுப்பாடுகள் அப்போது இருந்தன. 2005-ம் வருஷ ஆரம்பத்தில் விதிகள் தளர்த்தப்பட்டன. இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டியதில்லை, இந்தியாவில் குடியிருக்க வேண்டியதுமில்லை. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் கேட்டுப் பெறலாம். முந்தியவருக்கே பெயர் என்று ஏற்பாடாயிற்று. இன்று அந்த எண்ணிக்கை 30 லக்ஷத்தைத் தாண்டிவிட்டது.

இதனால் நடப்பது என்னவென்றால், திருநெல்வேலியின் பெயரை ஒரு நெல்லைக்காரர் சிங்கப்பூரிலிருந்து பதிவு செய்துகொள்ளலாம். அது நமக்குச் சந்தோஷமே. ஆனால், நெல்லையப்பர் கோயில் எந்தத் திசையில் இருக்கிறதென்று அறியாத ஒருவர், எங்கோ ஒரு தேசத்தில் உட்கார்ந்துகொண்டு அதே பெயரைப் பதிந்து, "வேண்டுமானால் இத்தனை ரூபாய் கொடு" என்று ஊராரிடமே விலை பேசுவதற்கும் அதே கதவு திறந்திருக்கிறது. வருஷக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். சில நூறு ரூபாயில் ஓர் ஊரின் பெயர்!

* * *

மற்றத் தேசங்களில் இந்தக் கதவை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

சில இடங்களில் குடியிருப்பே சாவி. சிங்கப்பூர் ஈற்றைக் கேட்கும் வெளிநாட்டார், அந்நகரில் முகவரி உள்ள ஒருவரைப் பொறுப்பாளராகக் காட்ட வேண்டும். நியூயார்க் நகரத்தின் ஈற்றுக்கு அந்நகரின் ஐந்து பகுதிகளுக்குள் மெய்யான விலாசம் இருந்தாக வேண்டும். தபால் பெட்டி எண்ணைக் காட்டித் தப்ப முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈறும் அவ்விதமே அந்த எல்லையைச் சேர்ந்தவர்களுக்கு உரியது. பிரிட்டன் அந்த ஒன்றியத்திலிருந்து பிரிந்தபோது இதன் பலன் தெரிந்தது. 2021 ஜனவரி 1-ந் தேதியன்று, பிரிட்டனில் இருந்தவர்களின் பெயரில் பதிவாகியிருந்த சுமார் 80,000 முகவரிகள் நிறுத்திவைக்கப்பட்டன. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது, எல்லைக் கோடு மட்டும் நகர்ந்தது, பெயர் போய்விட்டது!

நமது திருநெல்வேலிச் சீமையில் இந்த விதியை வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 1790-ல் ஏற்பட்ட திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து 1986-ல் தூத்துக்குடி பிரிந்தது. 2019-ல் தென்காசி பிரிந்தது. நதி உற்பத்தியாகும் பொதிகை மலை ஒரு ஜில்லாவில். அது கடலோடு கலக்கும் புன்னைக்காயல் வேறு ஜில்லாவில். ஸ்ரீவைகுண்டத்துக்காரர் நெல்லைக்காரர் இல்லை என்று எந்தக் கலெக்டர் உத்தரவு போட்டாலும் ஸ்ரீவைகுண்டத்துக்காரர் ஒப்புக்கொள்வாரா? குடியிருப்பை மட்டும் அளவுகோலாக வைத்தால் இப்படிப்பட்ட சங்கடங்கள் வரும்.

இவ்விரண்டுக்கும் வேறான மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஸ்பெயின் தேசத்தில் காட்டலோனியா என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. அவர்களுக்குத் தனி மொழி; அதன்மேல் தணியாத அபிமானம். அவர்களுடைய மொழிக்கும் கலாசாரத்துக்கும் என்றே ஓர் ஈற்றை ஐகான் 2005-ல் அனுமதித்தது. அதற்கு விதித்த நிபந்தனை என்ன? "நீ எங்கே குடியிருக்கிறாய்?" என்பது அல்ல. "காட்டலான் மொழியில் எழுதப் போகிறாயா? அல்லது அந்த மொழிக்கும் பண்பாட்டுக்கும் ஏதாவது தொண்டு செய்யப் போகிறாயா?" என்பதுதான். அந்த ஈற்றின் மூன்று எழுத்துக்கள் தற்செயலாக ஆங்கிலத்தில் 'பூனை' என்றும் பொருள்படும். ஆகவே பூனைப் பிரியர்கள் சிலருக்கும் அதன்மேல் ஆசை பிறந்தது. பூனையைக் காட்ட வந்தவர்களும் காட்டலான் மொழியில் ஒரு பக்கமாவது எழுதவேண்டியதாயிற்று. காட்டலான் மொழிக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை!

* * *

இந்த மூன்றாவது வழி நமக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். 1906-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள், அன்றையத் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை ரிஜிஸ்தர் செய்தார். மூலதனம் 10 லக்ஷம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பங்கு வாங்கத் தூத்துக்குடியில் குடியிருக்க வேண்டுமென்று அவர் விதிக்கவில்லை. அதற்காக யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவைத் திறந்தும் போட்டுவிடவில்லை. ஆசியா கண்டத்தைச் சேர்ந்தவர் எவரும் பங்குதாரர் ஆகலாம் என்பதே ஏற்பாடு. கம்பெனியின் நோக்கத்தோடு ஒட்டியவர்கள் எங்கிருந்தாலும் உள்ளே வரட்டும், அதை விழுங்கப் பார்ப்பவர்கள் வெளியே நிற்கட்டும் என்ற தெளிவு அதில் இருந்தது.

வெளியூர்வாசியின் தொண்டுக்கும் நமக்கு உதாரணம் உண்டு. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் பல சிங்கப்பூருக்குச் சென்று, துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறின. அவர்கள் 1941-ல் அமைத்த சங்கத்துக்குச் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று ஊர்ப் பெயரையே சூட்டினார்கள். 1946-ல் ஒரு தமிழ்ப் பள்ளியையும் தொடங்கினார்கள். அதுவே உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி என்று பெயர் பெற்று 1982 வரையில் நடந்தது. கடல் கடந்து சென்ற ஊர்ப் பெயர் அங்கே ஒரு பள்ளிக்கூடமாக முளைத்தது! இத்தகையவர்களைப் பார்த்து, "நீங்கள் கடையநல்லூரில் இல்லை, ஆகையால் கடையநல்லூர் என்ற பெயர் உங்களுக்கு இல்லை" என்று சொல்லக்கூடிய விதி நல்ல விதி ஆகுமா? அதே சமயத்தில், கடையநல்லூருக்கு ஒரு காசு பெறாத ஒருவர் அப்பெயரைப் பிடித்து வைத்துக்கொண்டு வியாபாரம் பண்ண இடம் கொடுக்கும் விதியும் நல்ல விதி ஆகாது.

* * *

"அப்படி யாராவது பிடித்து வைத்துக்கொண்டால் கோர்ட்டுக்குப் போகலாமே?" என்று சிலர் கேட்கலாம். போகலாம். இணையப் பெயருக்கும் வியாபாரக் குறிக்கு உள்ளதைப் போன்ற பாதுகாப்பு உண்டென்று நமது சுப்ரீம் கோர்ட் 2004-ல் சத்தியம் இன்போவே வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. இந்திய ஈற்றில் வரும் தகராறுகளைத் தீர்க்க மத்தியஸ்த முறையும் இருக்கிறது. ஆனால் வாதி மூன்று விஷயங்களை ருசுப்படுத்த வேண்டும். அந்தப் பெயர், தமக்கு உரிமையுள்ள ஒரு பெயரோடோ குறியோடோ ஒத்திருக்கிறது. பதிந்தவருக்கு அதில் நியாயமான பாத்தியதை இல்லை. துர்எண்ணத்தோடு பதிந்தார் அல்லது உபயோகித்தார். இரண்டாவதும் மூன்றாவதும் எப்படியாவது கிடைத்துவிடலாம். முதலாவதில்தான் இடறுகிறது. கம்பெனிக்காரர் தம் வியாபாரக் குறியைக் காட்டுவார். ஊரார் எதைக் காட்டுவது? வெறும் ஊர்ப் பெயரைச் சாதாரணமாக வியாபாரக் குறியாகப் பதிய நமது சட்டமே இடம் தருவதில்லை. எல்லாருக்கும் சொந்தமானது என்ற நியாயத்தினாலேயே அது ஒருவருக்கும் சொந்தமில்லாமல் போகிறது.

பார்ஸிலோனா நகரத்துக்கு நேர்ந்தது இதற்கு நல்ல சாட்சி. காட்டலோனியாவின் தலைநகரான அந்தப் பெரும் பட்டணத்தின் பெயரை, 'காம்' என்ற ஈற்றோடு தனியார் ஒருவர் பதிந்து வைத்திருந்தார். நகர சபை புகார் செய்தது. உலக அறிவுச் சொத்துரிமை ஸ்தாபனத்தின் மத்தியஸ்தர் நகர சபைக்குச் சாதகமாகச் சொன்னார். தனியார் கம்பெனி விடவில்லை. அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2003-ல் அமெரிக்க மேல்முறையீட்டுக் கோர்ட், வெறும் ஊர்ப் பெயருக்கு வியாபாரக் குறிச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லையென்று கூறி, கம்பெனிக்கே வெற்றி அளித்தது. பார்ஸிலோனாவுக்கே இந்த கதியென்றால் பாபநாசத்துக்கும் பத்தமடைக்கும் என்ன கதி?

நிற்க. பத்தமடை என்றதும் ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைக் கொண்டு நெய்யப்படும் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 1999-ல் இயற்றப்பட்ட அந்தச் சட்டத்தின்படி, கண்ட இடத்தில் நெய்த பாயைப் பத்தமடைப் பாய் என்று சொல்லி விற்கக் கூடாது. அந்தப் பெயர் தனி மனிதர் ஒருவருடைய சொத்தும் அல்ல. அந்தப் பிரதேசத்தில் அந்தத் தொழிலைச் செய்பவர்கள் அனைவருக்கும் பொது. அதாவது, கோரைப் பாயின் விஷயத்தில் நமது சட்டம் மண்ணையும் தொழிலையும் பார்க்கிறது. அதே பத்தமடையின் பெயர் இணையத்தில் ஏறும்போது, யார் முதலில் வந்தார், யார் பணம் கட்டினார் என்ற இரண்டை மட்டும் பார்க்கிறது. பாய்க்குக் கிடைத்த மரியாதை ஊருக்குக் கிடைக்கவில்லை!

* * *

ஊர்களின் கதை இப்படியிருக்க, நதிகளின் கதை இன்னும் பரிதாபம். 2012-ல் ஐகான் புது ஈறுகளுக்கு விண்ணப்பம் கோரியது. கட்டணம் 1,85,000 டாலர். நகரத்துக்கென்று நகரத்தின் பெயரைக் கேட்பவர் அந்நகர அதிகாரிகளின் சம்மதத்தைக் காட்ட வேண்டுமென்று விதி இருந்தது. மாகாணங்களின் பெயர்களுக்கும் அவ்விதமே காவல் இருந்தது. நமது டாட்டா கம்பெனியார் தங்கள் பெயரையே ஈறாகக் கேட்டபோது, மொராக்கோ தேசத்தில் டாட்டா என்று ஒரு மாகாணம் இருப்பது குறுக்கே வந்தது. அந்நாட்டுச் சர்க்கார் ஆட்சேபணை இல்லை என்று சொன்ன பிறகே காரியம் நடந்தது.

ஆனால் நதிகளுக்கு அந்த விதியில் காவல் இல்லை. அமெரிக்காவின் அமேசான் கம்பெனி தன் பெயரை ஈறாகக் கேட்டது. உலகத்தின் மகா நதி ஓடும் பிரேஸிலும் பெரு தேசமும், "அது எங்கள் ஜீவநதியின் பெயர்" என்று ஏழு வருஷம் மன்றாடின. 2019-ல் முடிவு கம்பெனிக்கே சாதகமாயிற்று. அதே சுற்றில் படகோனியா என்ற துணிக் கம்பெனி, அர்ஜென்டீனாவும் சிலியும் ஆட்சேபித்ததைக் கண்டு, 2013-ல் தன் விண்ணப்பத்தைத் தானே வாபஸ் வாங்கிக்கொண்டது. ஒரே சுற்றில் இரண்டு கம்பெனிகள். இரண்டு வித முடிவுகள்.

நமது தாமிரபரணியின் பெயரைக் கேட்டு யாராவது போனால் வேறொரு வேடிக்கையும் உண்டு. அசோகச் சக்கரவர்த்தியின் பாறைச் சாஸனங்களில் தம்பபன்னி என்ற பெயர் வருகிறது. விஜயன் இலங்கையில் கரையிறங்கிய இடத்தை மகாவம்சம் தம்பபண்ணி என்கிறது. கிரேக்கர்கள் இலங்கைத் தீவையே தப்ரபேன் என்று அழைத்தார்கள். நமது நதியும் அந்தத் தீவும் ஒரே பெயரைப் பங்கிட்டுக்கொண்டு இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேலாகச் சண்டையில்லாமல் வாழ்ந்திருக்கின்றன. 'முந்தியவருக்கே பெயர்' என்ற சட்டம் அசோகர் காலத்திலேயே இருந்திருக்குமானால் ஒருவருக்கு மட்டும்தான் கிடைத்திருக்கும்!

* * *

பெயரைப் பதிவதென்று தீர்மானித்தாலும் எந்த எழுத்தில், எந்த உச்சரிப்பில் பதிவது என்ற கேள்வி வரும். வெள்ளைக்காரர்கள் திருநெல்வேலியைத் 'டின்னவெல்லி' ஆக்கினார்கள். நம் சீமையில் விளையும் நிலாவிரை என்னும் மூலிகைக்கு மேல்நாட்டு மருந்து நூல்களில் இன்றும் 'டின்னவெல்லி சென்னா' என்றுதான் பெயர். சுதந்திரம் வந்தும் மூலிகைக்கு மட்டும் விடுதலை வரவில்லை போலும்! இப்போதும் சிலர் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் 'டி'யில் தொடங்கி எழுதுகிறார்கள். சிலர் 'டி'யோடு 'எச்' சேர்க்கிறார்கள். வேறு சிலர் சுருக்கமாக 'நெல்லை' என்கிறார்கள். 2020 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டுச் சர்க்கார், 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தமைப்பைத் தமிழ் உச்சரிப்புக்கு இணங்க மாற்றி உத்தரவு வெளியிட்டார்கள். ஜனங்கள் ஆளுக்கோர் அபிப்பிராயம் சொல்லவே, சில நாட்களில் அந்த உத்தரவு வாபஸ் ஆயிற்று. ஆங்கிலத்தில் நம் ஊருக்கு ஒரே எழுத்தமைப்பு என்பது இன்னும் ஏற்படவில்லை. ஒன்றைப் பதிந்தால் மற்றொன்றை வேறொருவர் பதிந்துகொள்ளலாம்.

இதற்குச் சரியான மருந்து தமிழ் எழுத்தே என்பது நமது அபிப்பிராயம். திருநெல்வேலி என்று தமிழில் எழுதினால் அதற்கு இரண்டாவது எழுத்தமைப்புக் கிடையாது. தமிழிலேயே முடியும் தேச ஈறுகள் மூன்று இருக்கின்றன: 'இலங்கை', 'சிங்கப்பூர்', 'இந்தியா'. இவற்றுள் இலங்கை 2010-லேயே முந்திக்கொண்டது. தமிழ் எழுத்தில் கொடுக்கும் பெயரை யந்திரம் உள்ளுக்குள் ரோமன் எழுத்துச் சங்கேதமாக மாற்றி வைத்துக்கொள்கிறது. அதன் கணக்கும் நம் கணக்கும் ஒன்றல்ல. 'திருநெல்வேலி' நமக்கு ஆறு எழுத்து. கொம்பையும் சுழியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும் யந்திரத்துக்குப் பன்னிரண்டு! எச்சரிக்கையாக இருக்க வேண்டியதும் ஒன்று உண்டு. தமிழ் ஒன்றின் இலக்கமும் 'க' எழுத்தும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஏழின் இலக்கமும் 'எ'வும் அப்படியே. மோசக்காரன் இதைப் பயன்படுத்திப் போலி முகவரி செய்யக்கூடும். ஆகையால் முகவரியைக் கண்ணால் மட்டும் பார்த்து நம்பிப் பணம் அனுப்பலாகாது.

* * *

எல்லாவற்றுக்கும் மேலாக நினைவில் வைக்க வேண்டிய உண்மை ஒன்று. இணையப் பெயரை யாரும் கிரயத்துக்கு வாங்குவதில்லை, குத்தகைக்குத்தான் எடுக்கிறோம். ஒரு தடவைக்குப் பத்து வருஷம்தான் அதிகபட்சக் கெடு. கெடு தவறினால் சில நாள் தவணை. அதற்கப்புறம் அதிகக் கட்டணம் கட்டி மீட்கச் சில வாரம். அதுவும் போனால் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும்.

தூர தேசத்தில் இருப்பவர் ஊர்ப் பெயரைப் பதியும்போது உள்ள அபாயம் இதுதான். ஊர்ப் பற்று மிகுந்த ஒருவர் ஊரின் பெயரில் தளம் அமைக்கிறார். கோயில் கல்வெட்டின் படம், பள்ளிக்கூடத்தின் பழைய புகைப்படங்கள், வாய்க்கால் பாசன விவரங்கள், பெரியவர்கள் சொன்ன கதைகள் எல்லாவற்றையும் அதில் சேர்க்கிறார். பணம் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து போகிறது; ரகசியச் சொல் அவருக்கு மட்டும் தெரியும். ஒரு நாள் அவர் கண்ணை மூடிவிடுகிறார். அவருடைய பிள்ளைகளுக்கு அந்த ஊரில் ஒரு வீடு இருந்தது தெரியும்; அந்தப் பெயரில் ஒரு முகவரி இருந்தது தெரியாது. கெடு தாண்டுகிறது. அடுத்த மாதம் ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்க்கும் ஊர்ப் பள்ளி மாணவனுக்குச் சூதாட்ட விளம்பரம் தெரிகிறது! இவ்விதம் கெடு தாண்டும் பெயர்களுக்காகவே காத்திருப்பவர்கள் உலகத்தில் உண்டு. விரோதியினால் போகும் பெயரைவிட மறதியினால் போகும் பெயரே அதிகமாக இருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆகையால், கடல் கடந்து வாழும் நெல்லைச் சீமை அன்பர்களுக்குச் சில யோசனைகள் கூறுகிறோம்.

முதலாவது, ஊர்ப் பெயரைத் தனி மனிதர் பெயரில் பதிய வேண்டாம். ஊரில் நாலு பேரைச் சேர்த்து, 1975-ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒரு சங்கம் அமைத்து, அந்தச் சங்கத்தின் பெயரில் பதியுங்கள். பணம் நீங்கள் அனுப்புங்கள். பாத்தியதை ஊருக்கு இருக்கட்டும்.

இரண்டாவது, பதிவில் கொடுக்கும் பெயரும் விலாசமும் மெய்யானவையாக இருக்கட்டும். கற்பனை விலாசம் கொடுத்துப் பதிந்தவர், தகராறு வரும்போது தம் பெயரைத் தாமே இழந்து நிற்பார். ஊரில் ஒருவரும் வெளிநாட்டில் ஒருவருமாக இரண்டு பேர் பொறுப்பில் இருப்பது நலம். நினைவூட்டுக் கடிதம் வந்து சேரும் மின்னஞ்சல், அதே ஊர்ப் பெயரில் அமைந்ததாக இருக்கக் கூடாது. வீட்டைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குள்ளேயே போட்டுவிட்டு வருவதற்கு அது சமானமாகும்.

மூன்றாவது, தமிழ் எழுத்தில் ஒன்றும், ஆங்கிலத்தில் வழங்கும் முக்கியமான எழுத்தமைப்புக்களில் இரண்டொன்றும் சேர்த்துப் பதியுங்கள்.

நான்காவது, சேர்த்து வைத்திருக்கும் படங்களுக்கும் எழுத்துக்களுக்கும் ஒரு பிரதி ஊர் நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ இருக்கட்டும். பெயர் போனாலும் பொருள் நிற்கும்.

ஐந்தாவது, காட்டலான் மக்களின் நிபந்தனையை நீங்களே உங்களுக்கு விதித்துக்கொள்ளுங்கள். பெயரைப் பதிவதற்கு முன், "இந்த ஊருக்காக இந்தப் பெயரைக் கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?" என்று ஒரு பக்கம் தமிழில் எழுதிப் பாருங்கள். எழுத ஒன்றும் வரவில்லையென்றால் பெயரை விட்டுவிடுங்கள். எழுத வருகிற வேறொருவருக்கு அது பயன்படும்.

சர்க்காருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. தேசத்தின் ஈற்றை உலகத்துக்கெல்லாம் திறந்துவைத்தது நல்ல காரியமே. வெளிநாடு வாழும் நம்மவர்களுக்கு அதனால் அனுகூலம் விளைந்திருக்கிறது. ஆனால் கிராமங்கள், நகரங்கள், நதிகள் இவற்றின் பெயர்களுக்கு மட்டும், பாய்க்கும் பட்டுக்கும் செய்திருப்பதுபோல், ஒரு தனி ஏற்பாடு செய்யலாம். அந்தப் பெயரைக் கேட்பவர் ஊராட்சியின் சம்மதக் கடிதம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்று விதித்தால் போதும். கடல் கடந்து வாழும் பிள்ளைக்கு ஊரார் அந்தக் கடிதத்தைச் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். பெயரை விற்க வருகிற அந்நியன்தான் கடிதம் கேட்கத் தயங்குவான்.

ஊர்ப் பெயர் ஊரில் குடியிருப்பவருக்கு மட்டும் சொந்தம் என்று நாம் சொல்ல மாட்டோம். பணம் கட்டியவருக்குச் சொந்தம் என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டோம். அந்தப் பெயருக்காக உழைப்பவர் எவரோ அவரிடம் அது இருக்கட்டும், உழைக்கும் வரையில். அதன் பிறகு அது ஊருக்குத் திரும்பி வரவேண்டும். வருவதற்கான வழியைப் பதிவு செய்யும் அன்றே வகுத்து வைப்பதுதான் தூர தேசத்திலிருப்பவர் தம் ஊருக்குச் செய்யக்கூடிய முதல் கைங்கரியம்.